வளையாமல் கடைவது: மெல்லிய உலோகப் பாகங்களும் ஸ்விஸ் லேத்தும்

2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஒன்றை லேத்தின், அதாவது கடைசல் இயந்திரத்தின், சக்கில் (பிடித்துச் சுழற்றும் பிடியில்) மாட்டி, 20 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவைத்து, வெட்டும் டூலை நீளம் முழுக்க ஒருமுறை, ஒரு பாஸ், ஓட்டுங்கள். சக்குக்குப் பக்கத்தில் அளந்தால் கேட்ட அளவு வந்திருக்கும். நுனியில் அளந்தால் தடித்திருக்கும். டூல் நேர்கோட்டில்தான் போனது, லேத்திலும் குறை இல்லை. நுனியை டூல் தொட்டபோது கம்பி விலகிக்கொண்டது. சக்கை நெருங்க நெருங்க விலக வழியில்லாமல் வெட்டுப்பட்டது, அவ்வளவுதான். கடைசல் வேலை பழகியவர்கள் எல்லோருமே இந்தக் கூம்பை ஒரு நாளாவது கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள்.

எலும்பில் பூட்டுகிற திருகு, பல் இம்ப்ளான்ட், கைக்கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பேலன்ஸ் அச்சு, மின் இணைப்பிகளுக்குள் இருக்கும் பின் எல்லாம் இப்படி ஒல்லியான பாகங்கள்தான். இவை ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று சில மைக்ரான் வித்தியாசத்துக்குள் வந்தாக வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். விலகி ஓடுகிற கம்பியை வைத்துக்கொண்டு அந்தத் துல்லியத்தை எட்டுவதற்கென்றே பிறந்தது ஸ்லைடிங் ஹெட்ஸ்டாக் லேத். பட்டறைப் பேச்சில் ஸ்விஸ் லேத்.

அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்த கம்பியின் மறுநுனியை அழுத்தினால் அது எவ்வளவு வளையும்? வெளியே நீட்டியிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து வளையும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. விட்டமோ நான்காம் அடுக்கில் எதிர்த்து வேலை செய்கிறது: விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்கு. நம் 2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியின் 20 மில்லிமீட்டர் நுனியில் 10 நியூட்டன் விசை, அதாவது ஒரு லிட்டர் தண்ணீரின் எடை அளவுக்கு, பக்கவாட்டில் பட்டால் அது சுமார் 0.17 மில்லிமீட்டர் விலகும். அது ஆரத்தில் வரும் பிழை, விட்டத்தில் இரண்டு மடங்காகத் தெரியும். நிஜத்தில் கம்பி விலக விலக வெட்டின் ஆழமும் குறைந்து விசையும் தணிவதால் முழுப் பிழையும் வருவதில்லை. ஆனால் சில மைக்ரானுக்குக் கணக்குப் பார்க்கிற வேலையில் அதில் பத்தில் ஒரு பங்கே பாகத்தைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பிவிடும்.

இப்போது அதே கம்பியை 20 மில்லிமீட்டருக்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே விடுங்கள். விசை அதே 10 நியூட்டன். விலகல் 0.17 மைக்ரான்தான். நீளம் பத்தில் ஒன்றானதும் விலகல் ஆயிரத்தில் ஒன்றாகிவிட்டது. ஸ்விஸ் லேத்தின் மொத்த வடிவமும் இந்த ஆயிரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்காகத்தான்.

சாதாரண லேத்திலும் இதற்கு வைத்தியங்கள் உண்டு. மறுநுனியின் நடுவில் சென்டர் குழி போட்டு, எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் தாங்கலாம். அப்போது கூம்பு போய்விடும், ஆனால் நடுவில் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல் ஒரு புடைப்பு வந்து நிற்கும். இரண்டு முனையும் பிடிபட்டு, நடு மட்டும் விலகியதன் தடம் அது. டெயில்ஸ்டாக்கை அதிகம் அழுத்தினால் மெல்லிய கம்பி அந்த அழுத்தத்திலேயே வில்லாகும். டூலோடு கூடவே நகர்ந்துவரும் ஸ்டெடி என்ற தாங்கி ஒன்றைப் பின்னால் முட்டுக்கொடுக்கலாம். நீளமான தண்டுகளைக் கடைய இது நல்ல வழி, ஆனால் 1 மில்லிமீட்டர் பாகத்துக்கு முட்டுக்கொடுக்க அங்கே இடமே இருக்காது.

சரி, வெட்டைக் குறைத்துக்கொண்டால் என்ன? நூறில் ஒரு மில்லிமீட்டராக, பொறுமையாகப் பல பாஸ் எடுத்தால்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், பலரை ஏமாற்றுவதும் இதுதான். எந்த டூலின் விளிம்பும் முழுக்கக் கூர்மையானது அல்ல, அதற்கும் ஒரு சின்ன உருட்டு இருக்கும். வெட்டின் தடிமன் அந்த உருட்டைவிடக் குறைந்துபோனால் டூல் உலோகத்தைச் சீவாமல் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு, சூட்டோடு பக்கவாட்டு அழுத்தம். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாக இருந்தால் தேய்த்த இடம் இறுகிக் கடினமாகி, அடுத்த பாஸில் டூலின் விளிம்பையே தின்னும். ஆக, மெல்லிய பாகத்தையும் தைரியமாக ஆழமாகத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் கம்பி அசையாமல் இருக்க வேண்டும்.

வழி கண்டுபிடித்தவர்கள் கடிகாரக்காரர்கள். 1870களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் பியென் நகரில் யாகோப் ஷ்வைட்சர் என்ற கடிகாரக் கலைஞர், கடிகாரத் திருகுகளைத் தானாகக் கடையும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதில் டூல் கம்பியின் நீளவாக்கில் போகாது; கம்பியைப் பிடித்திருக்கும் ஹெட்ஸ்டாக்தான் முன்னும் பின்னும் நகரும். 1880இல் ஜூரா மலைப்பகுதியின் மூட்டியே என்ற சிற்றூரில் நிக்கோலா யுங்கர் கடிகாரப் பாகங்களுக்கான பட்டறையைத் தொடங்கி, இந்த வகை இயந்திரங்களை வளர்த்தெடுத்தார். அதே ஊரில் பின்னால் பெஷ்லர், பெத்தர்மான், டொர்னோஸ் என்று மூன்று உற்பத்தியாளர்கள் எழுந்து, கடைசியில் டொர்னோஸ் என்ற ஒரே பெயருக்குள் இணைந்தார்கள். தானியங்கி லேத்துக்கென்றே அங்கே இன்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கிலும், க்ளூஸ் நகரைச் சுற்றி, இதே தொழில் வேர்விட்டது. ஜப்பானில் இந்த லேத்துகளுக்குப் பெயர்போன சிட்டிசன் ஒரு கடிகார நிறுவனம். இன்னொரு ஜப்பானிய நிறுவனமான ஸ்டார் 1950இல் கடிகார, கேமரா பாகங்கள் செய்துகொண்டு தொடங்கியது. எங்கே பார்த்தாலும் கடிகாரம்தான் இந்த லேத்தின் தாய்வீடு.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது இதுதான். ஹெட்ஸ்டாக்கில் உள்ள கோலட் என்ற பிளவுபட்ட பிடி கம்பியை இறுக்கிப் பிடித்துச் சுழற்றுகிறது. அதற்கு முன்னால், இயந்திரத்தின் உடம்போடு அசையாமல் பதிந்த ஒரு கைடு புஷ், அதாவது கம்பியைத் தாங்கும் துளையுள்ள குழல். கம்பி அதன் துளைக்குள் நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. டூல் அந்த வாயிலிலேயே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி, காத்திருக்கிறது. நீளவாக்கில் கடைய வேண்டும் என்றால் டூல் இடம்பெயராது. ஹெட்ஸ்டாக் முன்னால் வந்து கம்பியைப் புஷ் வழியாகத் தள்ளும். டூல் உள்ளேயும் வெளியேயும் மட்டும் நகர்ந்து விட்டத்தைத் தீர்மானிக்கும். பாகம் 10 மில்லிமீட்டர் நீளமோ 60 மில்லிமீட்டர் நீளமோ, வெட்டு விழும் இடம் தாங்கலை ஒட்டியே இருக்கிறது. வெட்டி முடித்த பகுதி வெளியே நீண்டுகொண்டே போகும், ஆனால் அதன்மேல் இனி எந்த டூலும் படப்போவதில்லை. அது வளைய வேண்டிய காரணமே இல்லை.

முதல்முறை இதைப் பார்க்கிறவர்களுக்குப் புல்லாங்குழல் துளையிலிருந்து காற்று வருவதுபோல், முழுதாகச் செய்து முடித்த பாகம் ஒரு சின்னத் துளையிலிருந்து முளைத்து வருவதாகத் தோன்றும். நானும் அப்படித்தான் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த வசதிக்குச் செலுத்தும் விலை ஒன்று உண்டு, என் கணிப்பில் இந்த லேத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் அதுதான் முக்கியமானது. கம்பியைப் பின்னால் இழுக்க முடியாது. 3 மில்லிமீட்டர் கம்பிக்கு 3 மில்லிமீட்டர் துளை. கடைந்து 1 மில்லிமீட்டராக்கிய பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்தால் புஷ்ஷுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. கம்பி தொளதொளவென்று ஆடும். புஷ்ஷின் நீளத்தில் கொஞ்சம் மட்டும் இழந்து, மிச்சம் முழு விட்டத்தில் பிடித்திருக்கிற அளவுக்குச் சின்னப் பின்னிழுப்பு பரவாயில்லை, அதற்குமேல் கூடாது. அதனால் சாதாரண லேத்தில் பழகிய ஒழுங்கு, அதாவது முதலில் முழு நீளத்துக்கும் பெரும்பகுதியைக் கழிக்கும் ரஃப் பாஸ், அப்புறம் முழு நீளத்துக்கும் சரியான அளவுக்குக் கொண்டுவரும் பினிஷ் பாஸ், இங்கே செல்லாது. நுனியிலிருந்து ஒவ்வொரு துண்டாக முடித்துக்கொண்டே போக வேண்டும். இந்த இடத்தில் குறுக்குத் துளை வேண்டுமா, தட்டையாகச் சீவ வேண்டுமா, பள்ளம் எடுக்க வேண்டுமா, எல்லாம் அந்த இடம் வாயிலில் நிற்கும்போதே நடந்துவிட வேண்டும். 3 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு ஒரே பாஸில் இறங்குவது இங்கே அன்றாட வேலை. தேவைப்பட்டால் ரஃப் டூலும் பினிஷ் டூலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு முன்பின்னாக நின்று ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலையையும் முடிக்கும். இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தருகிற நல்ல செட்டர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தவுடன் மனதுக்குள் அதை நுனியிலிருந்து வால்வரை வரிசையாக வாசிப்பார். புரோகிராம் எழுதுவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது விலை, கம்பியின் தரம். சாதாரண லேத்தில் மூலக்கம்பி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கடைந்தபின் யாருக்கும் தெரியாது. இங்கே கம்பியின் மேற்பரப்பே தாங்கும் பரப்பு. புஷ்ஷுக்கும் கம்பிக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான் விடப்படுகிறது. கம்பி ஓரிடத்தில் மெலிந்தால் புஷ்ஷுக்குள் ஆடும், அந்த ஆட்டம் அப்படியே பாகத்தின் அளவில் இறங்கும். ஓரிடத்தில் தடித்தால் சிக்கிக்கொள்ளும். சாதாரணமாக இழுத்த கம்பிக்கு எச்9 என்ற வகுப்பில் 3 மில்லிமீட்டர் வரை 25 மைக்ரான் வித்தியாசம் அனுமதி. அரைத்து மெருகேற்றிய எச்6 வகுப்புக் கம்பியில் அது 6 மைக்ரான்தான். துல்லிய வேலைக்கு இரண்டாவதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலை அதிகம், ஆனால் புஷ்ஷுக்குள் ஆடும் கம்பியை எந்த புரோகிராமாலும் திருத்த முடியாது.

புஷ்ஷை இறுக்குவதும் ஒரு கைத்திறன். அது வெளியே கூம்பாக, பிளவுபட்ட கோலட் போன்ற அமைப்பு; பின்னால் உள்ள நட்டைத் திருப்பினால் துளை சுருங்கும். அனுபவசாலிகள் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தே அதை நிதானிப்பார்கள். லேசான ஒரு பிடிமானம் விரலுக்குத் தெரிய வேண்டும், உராயக் கூடாது. அசையாத புஷ் நல்ல வட்டத்தன்மை தரும், ஆனால் கம்பி அதற்குள் வேகமாகச் சுழல்வதால் ஸ்டெய்ன்லெஸ், டைட்டானியம் போன்றவை ஒட்டிப் பிடிக்கும் ஆபத்து உண்டு. கம்பியோடு கூடவே சுழலும் புஷ்ஷில் அந்த ஆபத்து இல்லை; ஆனால் அதன் பேரிங்குகளின் ஆட்டம் பாகத்தில் சேர்ந்துவிடும்.

இந்த உராய்வினால்தான் இங்கே தண்ணீர் கலந்த கூலன்ட்டைவிடச் சுத்தமான கட்டிங் ஆயில் அதிகம் ஓடுகிறது. எண்ணெய் புஷ்ஷுக்கும் மசகு, சின்ன டூலுக்கும் மசகு. அதன் மறுபக்கம் நெருப்பு. டூல் உடைந்து தேயத் தொடங்கினால், அதுவும் டைட்டானியம் சீவல் இருக்கும் இடத்தில், எண்ணெய்ப் புகை பற்றிக்கொள்ளலாம். அதனால் ஆள் இல்லாமல் இரவு முழுக்க ஓடும் இயந்திரங்களில் தானாக இயங்கும் தீயணைப்பான் பொருத்துகிறார்கள். அதை விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் உபரியாக யாரும் நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆரம்பக்கால இயந்திரங்களில் எல்லா அசைவும், விளிம்பு மேடுபள்ளமாக வெட்டப்பட்ட கேம் தட்டுகளிலிருந்து வந்தது. ஒரு தண்டில் வரிசையாக கேம்கள். ஹெட்ஸ்டாக்கை ஒன்று தள்ளும், புஷ்ஷைச் சுற்றி விசிறிபோல் நிற்கும் டூல்களை மற்றவை தள்ளும். தண்டு ஒரு சுற்று முடிந்தால் ஒரு பாகம் விழும். பாகத்தின் உருவமே அந்தத் தட்டுகளின் விளிம்பில் எழுதப்பட்டிருந்தது. புதிய பாகம் என்றால் புதிய கேம்கள் வெட்ட வேண்டும், பொருத்தித் திருத்தவே மணிக்கணக்காகும். ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் ஓய்வில்லாமல் ஓடும். சிஎன்சி என்ற கணினிக் கட்டுப்பாடு வந்தபின் ஒவ்வொரு அச்சுக்கும் தனி மோட்டார். குறைந்த எண்ணிக்கைக்கும் இந்த லேத் கட்டுப்படியாகத் தொடங்கியது. எதிரே இன்னொரு ஸ்பிண்டில், அதாவது பிடித்துச் சுழற்றும் தண்டு, சேர்ந்தது. முதல் ஸ்பிண்டிலிலிருந்து பாகத்தை வெட்டிப் பிரிக்கும் முன்பே அது முன்னால் வந்து பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரிந்ததும் வாங்கிக்கொண்டு பின்பக்க வேலையைச் செய்யும். அந்த நேரத்திலேயே இந்தப் பக்கம் அடுத்த பாகம் தொடங்கியிருக்கும்.

ஒரு சின்ன நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாகத்தை வெட்டிப் பிரித்த கட்-ஆஃப் டூல் உடனே பின்வாங்குவதில்லை. அது கம்பியின் குறுக்கே அப்படியே நிற்க, கோலட் திறக்கும், ஹெட்ஸ்டாக் பின்னால் போகும். பின்னால் உள்ள பார் ஃபீடர் கம்பியைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், கம்பியின் முனை அந்த டூலில் முட்டியபடி தன் இடத்திலேயே நிற்கும். கோலட் மறுபடி மூடும். அடுத்த பாகத்தின் தொடக்கப் புள்ளி தயார். அளந்து நிறுத்தத் தனிக் கருவி வேண்டியதே இல்லை.

அடுத்து டூலைப் பார்ப்போம். கம்பியை விலக்குவது பக்கவாட்டு விசை என்பதால், விசையை நீளவாக்கில் திருப்பிவிடுகிற டூல் வேண்டும். நுனி உருட்டு பெரிதாக இருந்தால் டூல் கம்பியைப் பக்கவாட்டில் அமுக்கும். அதனால் சின்ன நுனி, வெட்டின் ஆழத்தைவிடச் சின்னது. பெரிய வேலைக்கான இன்சர்ட்டுகளின், அதாவது டூலில் மாற்றிப் பொருத்தும் வெட்டு நுனிகளின், விளிம்பை உடையாமல் இருக்கக் கொஞ்சம் மழுக்கியே தருவார்கள். இங்கே அரைத்துக் கூராக்கிய, சீவும் சாய்வுள்ள விளிம்பு வேண்டும். சென்டர் உயரம், அதாவது டூலின் நுனி கம்பியின் மையத்துக்கு நேராக நிற்பது, இன்னும் கண்டிப்பானது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜாபில் (கடையும் பாகத்தில்) டூல் 0.05 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 1 மில்லிமீட்டர் ஜாபில் அது ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. வெட்டும் கோணமே மாறிவிடும், முகப்பில் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு முளை மிஞ்சும்.

வேகமும் சின்ன விட்டத்தில் வேறு கதை. 2 மில்லிமீட்டர் கம்பி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினாலும் அதன் மேற்பரப்பு டூலைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 63 மீட்டர்தான். 1 மில்லிமீட்டரானால் 31 மீட்டர். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான டூல் எஃகில் நூறு மீட்டருக்குமேல் ஓடும்போதுதான் நன்றாக வெட்டும். அதற்கு 1 மில்லிமீட்டர் விட்டத்தில் 32,000 சுற்று வேண்டும். அத்தனை வேகத்தில் நீளக் கம்பியைச் சுழற்ற முடியாது. பின்னால் ஃபீடருக்குள் மூன்று மீட்டருக்கு நீண்டிருக்கும் கம்பியே சாட்டைபோல் அடித்து, அந்த அதிர்வு முன்னால் வெட்டும் இடத்தில் வரிவரியாகப் பதியும். ஃபீடரின் குழாய்க்குள் எண்ணெய் நிரப்பி, கம்பியை அந்த எண்ணெயிலேயே மிதக்கவிட்டுச் சுழற்றுவது இந்தச் சாட்டையடியைத் தணிக்கத்தான். துளையிடும் சின்ன டிரில்களுக்கு மட்டும் நிமிடத்துக்கு 60,000, 80,000 சுற்று சுழலும் தனி ஸ்பிண்டில்கள் வந்துவிட்டன.

எலும்புத் திருகில் இந்த எல்லாத் தொல்லையும் ஒன்றாகக் கூடுகிறது. பொருள் பெரும்பாலும் டைட்டானியக் கலவை. அதன் விறைப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி, ஆகவே அதே விசைக்கு இரண்டு மடங்கு வளையும். சூட்டைக் கடத்தவும் மறுக்கும். வெப்பம் முழுக்க டூலின் நுனியிலேயே தங்கும். இழை ஆழமானது, நீளமானது. சாதாரண வழியில் இழை வெட்ட ஒரே டூல் திரும்பத் திரும்பப் பத்துப் பதினைந்து பாஸ் போய்வர வேண்டும். போய்வருவது என்றால் கம்பியை ஒவ்வொரு முறையும் பின்னிழுப்பது, அதைத்தான் இங்கே செய்ய முடியாது. இதற்கு விடை திரெட் வேர்லிங். ஒரு வளையத்தின் உட்பக்கம் பல வெட்டுப் பற்கள். வளையம் இழையின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்து, கம்பியைச் சுற்றி மையம் விலகி, அதிவேகமாகச் சுழலும். உள்ளே கம்பி மெதுவாகச் சுழன்றபடி, சுற்றுக்கு ஒரு புரி தூரம் முன்னேறும். முழு விட்டக் கம்பியிலிருந்து முழு ஆழ இழை ஒரே பாஸில், புஷ்ஷின் வாயிலை ஒட்டியே, செதுக்கப்பட்டு வெளியே வருகிறது. ஒரு தடையையே நெறியாக எடுத்துக்கொண்டு அதற்குள் பிறந்த தீர்வு என்பதால், இந்தத் துறையின் மிக அழகான வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

சீவல்கள் விடாப்பிடியான எதிரிகள். நீளச் சுருளாக வரும் சீவல் பாகத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்பரப்பைக் கீறி, சில நேரம் பாகத்தையே வளைத்துவிடும். பெரிய ஜாபில் சீவலை உடைக்கிற பள்ளங்கள் இன்சர்ட்டிலேயே இருக்கும். மயிரிழைத் தடிமன் சீவலுக்கு அவை பலிப்பதில்லை. ஈயம் கலந்த எஃகும் பித்தளையும் தாமே பொடியாக உதிர்வதால் கடிகாரத் தொழில் அவற்றை விரும்பியது. மற்ற உலோகங்களுக்கு, டூல் போகும் திசையில் சுழற்சியோடு ஒத்திசைந்து நுண்ணியதாக முன்பின் ஆட்டி, நொடிக்குப் பலமுறை வெட்டைத் துண்டிக்கும் முறை இப்போது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது.

சூடும் அளவைத் தின்னும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 12 மைக்ரான் விரியும். 10 மில்லிமீட்டர் பாகத்தில் 5 டிகிரி மாறினாலும் ஒரு மைக்ரான்கூட இல்லை. ஆனால் டூலைத் தாங்கும் எஃகுப் பகுதி 300 மில்லிமீட்டர் நீளம் இருந்து அது 5 டிகிரி சூடேறினால் 18 மைக்ரான். காலையில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே முதல் பாகத்தை அளப்பது அதனால்தான். அளப்பதிலும் கவனம் வேண்டும். மைக்ரோமீட்டரின் அழுத்தமே சில நியூட்டன் இருக்கும். அரை மில்லிமீட்டர் பின்னை அது நசுக்கவோ வளைக்கவோ முடியும். அதனால் நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஜெக்டரும் லேசர் அளவியும் இங்கே அதிகம். கடிகாரத்தின் பேலன்ஸ் அச்சில் இரு முனையிலும் உள்ள பிவட்கள் என்ற மெல்லிய சுழல்முனைகள் சுமார் 0.1 மில்லிமீட்டர் விட்டம்தான். லேத் அவற்றை உருவாக்கித் தரும். இறுதி மெருகு, கடினப்படுத்தியபின் உருட்டித் தேய்க்கிற இன்னொரு இயந்திரத்தில்.

கைடு புஷ் இல்லாமலும் இதே லேத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. புஷ் இருக்கும்போது கோலட்டுக்கும் வாயிலுக்கும் இடையே உள்ள நீளம் வரை கம்பியைப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு கம்பியின் முடிவிலும் ஒரு துண்டு வீணாகும். டைட்டானியத்தில் அது கையைக் கடிக்கும். புஷ்ஷைக் கழற்றிவிட்டு, கோலட்டே வாயிலில் நிற்கும்படி அமைத்தால் அந்த வீண்துண்டு சுருங்கும். அரைத்த கம்பியும் அவசியமில்லை. குட்டைப் பாகங்களுக்கு இது நியாயமான வழி. பாகத்தின் நீளம் விட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கைத் தாண்டும்போது நுனி மறுபடி தடிக்கத் தொடங்கும், செட்டர் புஷ்ஷை எடுத்து மாட்டுவார்.